ஆனையூர் பஸ்ஸில் ஏறாத ஞாயிறு

மூன்று மாதத்துக்கு முன் ஒரு புதன்கிழமை மத்தியானம். தல்லாகுளத்தில் எங்கள் ஆபீஸுக்கு எதிரே உள்ள டீக்கடையில் ஒரு பெரியவர் எனக்காகக் காத்திருந்தார். வேதமாணிக்கம் சார். ஆனையூர்க்காரர். மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். முன்பின் பழக்கமில்லை.

"தம்பி, எம் மக எஸ்தருக்கு ஒரு இடம் வந்துருக்கு. ஒங்க ஆபீஸ் ஜெபராஜ்தான் மாப்பிள்ளை. நீங்க பக்கத்து சீட்டுன்னு சொன்னாக. ஆளு எப்படி?"

ஜெபராஜ் எப்படி? என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவன். பீடி, சிகரெட் கிடையாது. அப்பா இல்லாத வீடு, அம்மாவைத் தாங்குகிறவன். மனு எழுதத் தெரியாமல் வந்து நிற்கிற விவசாயிகளுக்குத் தன் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுப்பான்.

இதையெல்லாம் சொல்லியிருக்கலாம்தானே? சொல்லவில்லை.

காரணம் இருந்தது. அதற்கு ஒரு வாரம் முன்னால் நான் தயாரித்த கடிதத்தில் ஒரு சர்வே நம்பர் மாறிப்போயிருந்தது. "அண்ணே, நம்பர் தப்பா இருக்கே" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டான். அதிகாரி என்னைப் பார்த்தார். இரண்டு பேர் சிரித்தார்கள். அவன் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் எனக்கு எரிச்சல்!

டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:

"வேலையெல்லாம்... ம்... நல்லாத்தான் பாக்குறாப்ல."

ஒரு இழுப்பு. ஒரு 'தான்'. அவ்வளவே. பெரியவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"புரிஞ்சுது தம்பி. ரொம்ப சந்தோஷம்" என்று எழுந்து போய்விட்டார்.

நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்!

பத்து நாள் கழித்து ஜெபராஜ் டைப்ரைட்டரில் பேப்பரைச் சொருகியபடியே சொன்னான்: "ஆனையூர் இடம் தட்டிப்போச்சுண்ணே. பொண்ணு வீட்டுல காரணம் எதுவும் சொல்லல. அம்மாதான் ரொம்ப ஒடஞ்சு போச்சு."

"விடு தம்பி... வேற இடம் வரும்" என்றேன். வேறு என்ன சொல்வது?

அன்றிலிருந்து ஆரம்பித்தது. சாப்பாட்டில் ருசியில்லை. ஃபைலைத் திறந்தால் எழுத்து ஓடவில்லை. "என்ன, அம்புட்டு நேரமா சுவத்தையே பாக்குறீங்க?" என்றாள் என் மனைவி ரெஜினா. அவளிடம் மறைத்து நான் எதைத்தான் சாதித்திருக்கிறேன்? சொல்லிவிட்டேன்.

திட்டவில்லை. "நீங்களே போயி அவுககிட்ட சொல்லிட்டு வந்துருங்க" என்றாள். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்திவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்...

அந்த ஞாயிறு கோயிலில் போதகர் எடுத்த பகுதி — யோனா.

உங்களில் பலருக்குத் தெரிந்த கதை. நினிவே பட்டணத்துக்குப் போய் எச்சரி என்று கடவுள் சொல்கிறார். யோனா துறைமுகத்துக்குப் போய், நேர் எதிர்த் திசையில் போகிற கப்பலுக்கு டிக்கெட் எடுக்கிறான். புயல் அடிக்கிறது, கடலில் தூக்கிப் போடுகிறார்கள், மீன் விழுங்குகிறது. சின்ன வயதிலிருந்து எனக்கு இந்தக் கதையில் மீன்தான் ஞாபகம்.

போதகர் மீனைப் பற்றிப் பேசவே இல்லை. யோனா ஏன் ஓடினான் என்று கேட்டார். நினிவேக்காரர்களிடம் பயமா? இல்லையாம். தான் போய்ச் சொன்னால் அவர்கள் திருந்திவிடுவார்கள், கடவுளும் மன்னித்துவிடுவார், தனக்குப் பிடிக்காத ஜனம் பிழைத்துவிடும் — அது அவனுக்குப் பொறுக்கவில்லையாம்.

எனக்குக் காது சுட்டது. ஆனையூருக்குப் போக வெட்கம்தான் தடை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கம் பாதிதான். மீதிப் பாதி? அந்தப் பயலுக்கு நல்லது நடந்துவிடுமே என்பதுதான்!

கோயில் முடிந்ததும், "ஆனையூர் போயிட்டு வாரேன்" என்று ரெஜினாவிடம் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்பில் நின்றேன். பஸ் வந்தது. காலியாகவே வந்தது. ஏறவில்லை. அடுத்து காளவாசல் வழியாகப் போகிற பஸ் வந்தது... நெரிசல். முண்டியடித்து ஏறினேன்!

காளவாசலில் என் சகலை வீடு. கோழிக் குழம்பு. சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தேன். புரண்டு புரண்டு படுத்தேன். புயல் இல்லை. இடி இல்லை. மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே மட்டும் மிக மெதுவாக, கோபமே இல்லாமல், ஒரே வார்த்தை — "போ."

அது கடவுளா, மனச்சாட்சியா என்று கேட்காதீர்கள். எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். நமக்குச் சாதகமாகப் பேசுகிற குரல் என்றால் அது பெரும்பாலும் நம்முடைய குரல்தான்.

மூன்று மணிக்கு எழுந்து, இரண்டு பஸ் மாறி, ஆனையூர் போய்ச் சேர்ந்தேன். வேதமாணிக்கம் சார் முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நான் சரியாப் பேசல சார்."

"நீங்க தப்பா ஒண்ணும் சொல்லலையே தம்பி?"

"சொல்லல. ஆனா தப்பா நெனைக்க வச்சேன்."

வாளியைக் கீழே வைத்தார். "குடிக்கிற பையன்னு நெனச்சேன்."

"தொட்டதுகூடக் கிடையாது சார். ஆபீஸ்ல எம் பிழையக் கண்டுபிடிச்சுட்டான். அம்புட்டுதான் அவன் செஞ்ச தப்பு."

சொல்லி முடித்ததும் வேர்த்துவிட்டது. உள்ளேயிருந்து அவர் மகள் எஸ்தர் வாசலுக்கு வந்தாள். பள்ளிக்கூட டீச்சர். குரலில் தெரிந்தது.

"இது அவருக்குத் தெரியுமா சார்?"

"தெரியாதும்மா."

"அப்ப மொதல்ல அவருகிட்ட சொல்லுங்க. எல்லாந் தெரிஞ்சு, எங்க வீடே வேணாம்னு அவரு சொன்னாலும் சரிதான்."

நான் எதிர்பார்த்து வந்தது இதை அல்ல. பெரியவரோடு முடிந்துவிடும், ஜெபராஜுக்குத் தெரியவே வேண்டாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் அவனைக் கூட்டிப்போய்ச் சொன்னேன். எதையும் குறைக்கவில்லை. அவன் கேட்டுக்கொண்டே டிபன் பாக்ஸை மூடினான்.

"எங்கம்மா நாலு நாளு சாப்பிடாமக் கெடந்துச்சு" என்றான்.

சொல்லிவிட்டுச் சீட்டுக்குப் போய்விட்டான்.

அடுத்த மூன்று வாரம் அவன் என்னை 'அண்ணே' என்று கூப்பிடவில்லை. "சார், இந்த ஃபைல்." "சார், கையெழுத்து." ஆபீஸில் எத்தனையோ பேர் என்னை 'சார்' என்கிறார்கள். அவன் சொன்னது மட்டும் குத்தியது. குத்தட்டும் என்று இருந்தேன். மன்னிப்புக் கேட்பதுதான் என் வேலை. மன்னிக்கச் சொல்லி அவசரப்படுத்த எனக்கு என்ன உரிமை?

அதற்குள் ஆனையூரிலிருந்து அவன் வீட்டுக்கு ஆள் வந்ததும், பேச்சு மறுபடி தொடங்கியதும், தேதி குறித்ததும் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒருநாள் சாயங்காலம் கிளம்பும் நேரத்தில் என் மேஜையருகே வந்து நின்றான்.

"அண்ணே... கோயில் ரிஜிஸ்டர்ல எம் பக்கத்துச் சாட்சியா நீங்க கையெழுத்துப் போடணும்."

"நானா? எதுக்குப்பா நான்?"

"எம் மேல கோவத்தோட பேசுனதும் நீங்கதான். அதைச் சரி பண்ண ஆனையூர் வரைக்கும் போனதும் நீங்கதான். என்னைப் பத்தி ரெண்டு விதமாவும் பேசுன சாட்சி வேற யாரு இருக்கா?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

சென்ற வாரம் கல்யாணம். ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பி வைத்தார்கள். பேனா நன்றாகவே எழுதியது; என் கையெழுத்துதான் கோணிப் போனது. போதகர் நிமிர்ந்து பார்த்தார்.

"பேனா சரியில்லைங்கய்யா" என்றேன்.

எனக்குள்ளே அன்றைக்கு "போ" என்றவர் உடனே ஒரு கனைப்புக் கனைத்தார் பாருங்கள்!