பஞ்சு அடைத்த வீரன்

அந்தச் சீனப் படத்தை முதல் தடவை பார்த்தபோது நான் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் சொல்லப்போவதைக் கேட்டு, இவனுக்குச் சிரிக்கவே தெரியாது என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம்.

படப் புத்தகமாக வந்துகொண்டிருந்த ஒரு முகமூடி வீரனின் கதை அது. மீ என்கிற சீன நூடுல்ஸ் விற்கிறவன் மேல் இடி விழுகிறது. அன்றிலிருந்து அவனுக்கு வலி தெரியாது. சிவப்பு முகமூடி போட்டுக்கொண்டு குண்டர்களைத் தேடிப் போய் அடிக்கிறான். பல் தெறிக்கும், கை முறியும், சுவரெல்லாம் இரத்தம். அடிக்கு ஒரு ஜோக்கும் சொல்வான். சீனம் தெரியாத எங்களுக்குக் கீழே மலாய் எழுத்து ஓடும். எழுத்தைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த பல் தெறித்துவிடும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு முப்பது தாண்டியிருந்தது. தோட்டத்துப் பள்ளியில் நாலாம் வகுப்போடு நின்றவன். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டினேன், ஈயம் தோண்டுகிற லம்பத்தில் மண் அள்ளினேன், சித்தியவான் பக்கம் மீன் படகில் போனேன். எங்கேயும் ஒரு வருஷத்துக்கு மேல் இருப்புக் கொள்ளவில்லை. கடைசியாக சிம்பாங் பூலாய் கல்குவாரியில் வேலை செய்தபோது பாறை ஒன்று சரிந்து முதுகில் விழுந்தது. எழுந்து நடக்க ஆரம்பித்ததும் ஈப்போவுக்கு வந்தேன். இனி கனம் தூக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. ஒரே இடத்தில் நிற்கிற வேலை வேண்டும்.

அப்படி ஒரு வேலை தியேட்டர் ஒன்றில் காலியாக இருந்தது. கேட்டில் நின்று டிக்கெட் கிழிக்கிற வேலை. தியேட்டருக்குப் பின்னால் படுக்க ஓர் அறையும் உண்டு. நடத்தியவர் ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போம். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மலாயில் சொன்னார்: "முதல்ல இந்தப் படத்துக்கு வேஷம் போடு. லோரியில ஊர் ஊரா போ. ஜனங்க தொடுவாங்க, தட்டுவாங்க. நீ சிரிக்கணும். ஒரு புகாரும் வரக்கூடாது. படம் ஓடி முடிஞ்சதும் கேட்டு உனக்கு."

ஈப்போவிலேயே புந்தோங் பக்கத்துத் தையல்காரர் ஒருவர் உடுப்பைத் தைத்தார். மாரும் தோளும் புடைத்து நிற்க உள்ளே இலவம்பஞ்சு அடைத்திருந்தது. முதுகில் அடைக்கவில்லை. முன்னால் பார்க்கிறவனுக்கு முதுகு எதற்கு என்றார் அவர். அந்த வெயிலில் பஞ்சு நனைந்து கனத்தது. முகமூடிக்குள் என் மூச்சையே நான் திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தேன்.

லோரி ஓட்டியவர் புந்தோங்காரர். மைக்கும் அவரிடம்தான். அண்ணே என்று கூப்பிடுவேன். "வாங்க வாங்க, அடிச்சாலும் வலிக்காத வீரன் வந்திருக்காரு, தொட்டுப் பாருங்க!" என்று தமிழிலும் மலாயிலும் கத்துவார்.

தொட்டுப் பார்த்தார்கள். புந்தோங் மார்க்கெட்டில் ஒருவர் மாரில் குத்திவிட்டு, "மெத்த மாதிரி இருக்குலா!" என்று சிரித்தார். மீன் கடைக்காரர் ஈரக் கையால் பிடரியில் அறைந்தார். காய்கறி வாங்க வந்த அக்கா ஒருத்தி குடையால் முழங்காலில் தட்டி, "எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான், ஒன்னும் உறைக்காது" என்றாள். நானும் சிரித்தேன். அந்த அடி ஒன்றும் பெரிதில்லை.

சில நாளில் ஒன்றைக் கவனித்தேன். படம் பார்க்காதவர்கள் லேசாகத் தட்டினார்கள். பார்த்துவிட்டு வந்தவர்கள் ஓங்கி அடித்தார்கள். கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். அதே ஆட்கள்தான் பிறகு எனக்கு ஐஸ் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்கள். அடிக்கும்போது மட்டும் உள்ளே ஆள் இருப்பது மறந்துபோகிறது.

அது எனக்கு உறுத்தியது. ஒரு மதியம் ரோட்டோர ஒட்டுக்கடையில் சாப்பிட உட்கார்ந்து அந்தப் படப் புத்தகத்தைப் புரட்டினேன். யாரோ சீனப் பையன்கள் விட்டுப்போனது. எழுத்துத் தெரியாது, படங்களை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். சண்டை முடிந்ததும் அதில் ஒரு பக்கம் வருகிறது. வீரன் வீட்டில் தனியாக உட்கார்ந்து, வீங்கிய கைகளைத் தண்ணீர்ப் பேசினில் வைத்திருக்கிறான். யாரும் பேசவில்லை. அவனுக்கு வலிக்கிறது, வெளியில் காட்டுவதில்லை, அவ்வளவுதான். படம் எடுத்தவர்கள் அந்தப் பக்கத்தைத் தூக்கிவிட்டு அங்கே ஒரு ஜோக்கை வைத்திருந்தார்கள்.

அண்ணனிடம் காட்டினேன். "பாருங்கண்ணே. கதையையே மாத்திப்புட்டானுங்க."

அவர் ரொட்டியை மென்றுகொண்டே பார்த்தார். "எவன் லா காசு குடுத்து, ஒருத்தன் கை நனைக்கிறத வந்து பாப்பான்?"

"ஒரு நிமிஷம் காட்டுனா போதும்ணே. அப்புறம் சிரிக்கட்டும்."

"அந்த ஒரு நிமிஷத்துல பாதிப் பேரு ஒன்னுக்குப் போயிருவான். நீ பசியாறு. சித்தியவான் போவணும்."

சித்தியவானுக்குப் போகும் வழியில் ஒரு தோட்டம். ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை வைத்திருந்தார்கள். தொழிலாளர் குடியிருந்த லயங்கள் மட்டும் அப்படியே இருந்தன. ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயில் பூசை முடிந்து வந்தவர்களும் பந்து விளையாட வந்தவர்களுமாகத் திடல் நிறைந்திருந்தது. டவுனுக்குப் போய்ப் படம் பார்த்து வந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

படத்தில் எல்லாருக்கும் பிடித்த இடம் ஒன்று. குண்டர்களில் ஒருவன் ஒரு பலகையால் வீரனின் முதுகில் அடிப்பான். பலகை இரண்டாக முறியும். வீரன் திரும்பி, "ஐயோ, வலிக்குதே!" என்று அழுவதுபோல் நடித்துவிட்டு அவனைத் தூக்கி எறிவான். தியேட்டரில் அந்த இடத்தில் நாற்காலிகள் ஆடும்.

"பலகை! பலகை!" என்று கத்த ஆரம்பித்தார்கள். ரப்பர் ஷீட் உலர்த்திய பழைய புகைக்கொட்டகையிலிருந்து ஒருவன் நிஜமாகவே ஒரு பலகையைத் தூக்கி வந்தான். செம்பனைக் குலை வெட்டுகிற இளைஞன். நாளெல்லாம் நீளக் கம்பை உயர்த்தி வெட்டுகிற தோள் அது.

"மச்சான், ஒரே போடு!" என்றான் அவன் கூட்டாளி.

"வாங்க தம்பி, வாங்க! வீரன் ரெடி!" என்றார் மைக்கில் அண்ணன். அவருக்கு என் முதுகைப் பற்றித் தெரியாது. வேலை போய்விடும் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஓர் அடிதானே, தாங்கிக்கொண்டால் கேட்டும் அறையும் என்னுடையது என்று கணக்குப் போட்டேன். அப்புறம் அந்தப் பலகையைப் பார்த்தேன். கனமான பழைய மரம், ஆணியும் இருந்தது. படத்துப் பலகை முறியும். இது முறியாது. முறிந்தால் நான்தான் முறிவேன். அப்புறம் கேட்டில் யார் நிற்பது?

லோரியில் எட்டி மைக்கைப் பிடுங்கினேன். "அடிக்காதீங்க. எனக்கு வலிக்கும்."

திடலே சிரித்தது. "ஐயோ, வலிக்குதே!" என்று நாலு பக்கமும் ஒப்பித்தார்கள். வசனத்தைச் சரியாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக் கைதட்டினார்கள். அந்த இளைஞன் பலகையை ஓங்கிக்கொண்டு வந்தான்.

இனிச் சொல்லிப் பயனில்லை. முகமூடியைக் கழற்றித் தரையில் போட்டேன்.

சிரிப்பு ஒரேயடியாக நிற்கவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. "ஏ, நம்மாளு லா" என்றார் ஒருவர். ஒரு குழந்தை அழுதது. "முகமூடியப் போடுங்க, பிள்ளைங்க பயப்படுது" என்று ஒரு குரல் கோபித்துக்கொண்டது. இளைஞன் ஓங்கிய கையோடு நின்றான். முன்வரிசையில் நின்ற ஒரு பெரிய அக்கா அவனைப் பார்த்து, "ஏன் நிக்கிற? நீ வீரந்தானே, மொகத்தப் பாத்துக்கிட்டு இப்ப அடி பாப்போம்" என்றாள்.

அவன் பலகையைக் கீழே வைத்தான். "சும்மா பஞ்சுன்னு நெனச்சேண்ணே" என்றான்.

"முன்னால பஞ்சு. பின்னால நான்" என்றேன்.

லோரியில் ஏறினோம். வழியில் அண்ணன், "உன் கேட்டு போச்சு, தெரியுமா?" என்றார். "தெரியும்" என்றேன்.

மறுநாள் புகார் எனக்கு முன்பே தவுக்கேயிடம் வந்து சேர்ந்திருந்தது. அவர் கத்தவில்லை. "மிச்ச நாள் ஒழுங்கா வேஷம் போடு. கேட்டு இன்னும் உனக்குத்தான்" என்றார். நல்ல மனுஷன்தான்.

"போடுறேன் தவுக்கே. அடிக்கக்கூடாதுன்னு மைக்ல முதல்ல சொல்லணும்."

"வலிக்காத வீரன அடிக்காதீங்கன்னு எவன் சொல்வான்? அப்புறம் எவன் டிக்கெட் வாங்குவான்?"

"அப்ப வேற ஆளப் பாருங்க."

உடுப்பை மடித்து அவர் மேசைமேல் வைத்தேன். அவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கேட்டு இன்னொருவனுக்குப் போனது. எனக்கு அவர் பசை வாளியும் சுவரொட்டிக் கட்டும் கொடுத்தார். அறை கிடையாது, பஸ் காசு உண்டு. கனமில்லாத வேலை. எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஒட்டக் கொடுத்தது அதே படத்தின் சுவரொட்டி. தைப்பிங்குக்கும் தெலுக் இந்தானுக்கும் படம் போகப்போகிறது. பசை தடவும்போது ஆட்கள் வந்து நிற்பார்கள். "படம் எப்படிண்ணே?" என்பார்கள்.

"சண்டை நல்லா இருக்கும். சிரிப்பீங்க. ஆனா அடி வாங்குறவனுக்கு வலிக்காதுன்னு சொல்லுது பாருங்க, அது பொய். அது எனக்குப் பிடிக்கல" என்பேன். பாதிப் பேர் அதைக் கேட்டுவிட்டே டிக்கெட் வாங்கப் போனார்கள். போகட்டும். நான் யாரையும் தடுக்கவில்லை.

யாரோ தவுக்கேயிடம் போய்ச் சொல்லிவிட்டார்கள். அவர் கூப்பிட்டு, "என் படத்தை ஒட்டிக்கிட்டே என் படத்தைக் குறை சொல்றியா?" என்று கேட்டார்.

"நானா போயிச் சொல்லல தவுக்கே. கேட்டாங்க, சொன்னேன். இனியும் கேட்டா சொல்லுவேன்."

அவர் காலால் இன்னொரு சுவரொட்டிக் கட்டை என் பக்கம் தள்ளி, "தஞ்சோங் மாலிம் பக்கம் இன்னும் ஒட்டல" என்றார். நான் வாளியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன்.