தணிகாசலம் அண்ணன் நின்ற இடம்

செய்தி வந்தபோது என் தோளில் ஒரு முகூர்த்தப் பட்டு கிடந்தது. கல்யாணப் பெண்ணின் அம்மா முந்தானையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தணிகாசலம் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார் என்று கீழே குடோனிலிருந்து சொல்லியனுப்பினார்கள். நான் அந்தப் புடவையை விற்று முடித்துவிட்டுத்தான் அசோக் நகரில் அவர் வீட்டுக்குக் கிளம்பினேன். அதிலும் எனக்கு வெட்கம்தான்.

தி.நகரில் நம் கடையில் இருந்த உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். கல்யாணப் பட்டுப் பிரிவு அவருடையது. பொம்மைக்குக் கட்டிக் காட்டுவது அவருக்குப் பிடிக்காது. "நம்ம தோள்ல போட்டாத்தான் தம்பி, அது எப்படி விழும்னு அவங்களுக்குத் தெரியும்" என்பார். ஆறடி ஆள், முறுக்கு மீசை வேறு. அவர் மேல் அரக்குப் பட்டு விழுந்தால், வந்தவர்கள் சிரித்துக்கொண்டே வாங்கிவிடுவார்கள்.

ஒரு சித்திரையில் அவர் கைகளில் கறுப்புக் கறுப்பாகத் தடிப்புகள் வந்தன. சொறிந்து சொறிந்து சில புண்ணாகவும் ஆயின. நமக்கோ அரைக்கைச் சட்டைதான் சீருடை. நந்தனத்தில் ஒரு டீக்கடையில் வைத்து என்னிடம் மட்டும் சொன்னார்: "எச்.ஐ.வி. கீதுப்பா. மாத்திரை ஆரம்பிச்சுட்டேன். தொட்டா ஒட்டாது, இந்தத் தோலும் அடங்கிடும்னு டாக்டர் சொல்லிக்கீறாரு." அவர் கையைப் பிடித்துக்கொண்டு, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன்.

மறுவாரம் ஒரு அம்மாள் அவர் கையைப் பார்த்துவிட்டு, அவர் தோளில் கிடந்த புடவை வேண்டாம், வேறு எடுங்கள் என்றார். அன்று மாலையே நான் மேனேஜரிடம் போனேன். அண்ணனுக்குத் தோல் சரியில்லை, முகூர்த்த சீசனில் வியாபாரம் கெடும், குடோனுக்கு அனுப்பினால் நல்லது என்றேன். நோயின் பெயரைச் சொல்லவில்லை. அதையே ரொம்ப நாள் என் யோக்கியதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு முழங்கால் வலி, அவரே கேட்டுக் கீழே போனார் என்று உங்களிடம் கதை கட்டியவனும் நான்தான். அவர் இடம் எனக்குக் கிடைத்தது.

ஆவணிக்குள் தோல் அடங்கிவிட்டது. மாடியேறி வந்து இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். "பாத்தியா, சுத்தமா பூட்ச்சு." மேனேஜரிடம் நான் ஒரு வார்த்தை சொல்வேன் என்று காத்து நின்றார். தீபாவளி முடியட்டும் அண்ணே என்றேன். அதன்பின் எத்தனையோ தீபாவளி வந்து போயிற்று. அவர் மறுபடி கேட்கவேயில்லை.

வீட்டில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். ஒன்றிரண்டு மங்கிய தழும்பு தவிரக் கைகளில் ஒன்றுமில்லை. அவர் மனைவி என்னைத் தனியே கூப்பிட்டார். "நீங்க சொல்லித்தான் கீழ அனுப்புனாங்கன்னு அவருக்குத் தெரியும். உங்ககிட்ட காட்டிக்காதன்னு சொல்லி வெச்சிருந்தாரு" என்றார். உங்களுக்கெல்லாம் அண்ணனைப் பற்றி எழுதும்போது நோயை மறைத்துவிடவா என்று கேட்டேன்.

"மறைச்சது போதும். எழுதுங்க. உங்களையும் சேத்து எழுதுங்க."

எழுதிவிட்டேன். போனவர்களின் பொருள் ஒன்றை நினைவாக வைத்துக்கொள்கிறோம். என்னிடம் இருப்பது அவர் நின்ற இடம். அது அவர் கொடுத்ததில்லை. நாளைக் காலையும் அங்கேதான், தோளில் புடவையோடு நிற்பேன்.