ஸ்பானரின் கை

டயர் கடையில் அவருக்குப் பெயர் ஸ்பானர். துருவேறி வண்டியோடு ஒட்டிப்போன வீல் நட்டும் அவர் கை பட்டால் கழன்றுவிடும். வேறு யாராலும் முடியாததுக்கெல்லாம் முதலாளி அவரைத்தான் கூப்பிடுவார். அதே கை வீட்டுக்குள் நுழைந்ததும் குற்றவாளி ஆகிவிடும். குழாயை மூடினால் வாஷர் நசுங்கும். ஃபிரிட்ஜைத் திறந்தால் கைப்பிடி கையோடு வரும். மச்சினி வைத்த பெயர் புல்டோசர். “மெதுவாங்க” என்று மனைவி சொல்லிச் சொல்லி, வீட்டில் ஒரு டம்ளரை எடுப்பதுகூட அவருக்குப் பரீட்சை மாதிரி.

இன்று பரீட்சை மனைவிக்கு. துணிக்கடை பில் கவுண்டரில் நாள் முழுக்க நின்று முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன. ஒலிப்பதிவைக் கேட்டு வீட்டிலிருந்தே டைப் அடிக்கும் வேலை ஒன்று வந்திருந்தது. மதியம் கம்பெனி வைக்கும் சோதனையில் தேறினால் உட்கார்ந்து சம்பாதிக்கலாம். ஒரே வாய்ப்புதான். பழைய கம்ப்யூட்டரோ, ஒலியும் எழுத்தும் சேர்ந்து ஓடினால் மயங்கி விழும் ஜாதி. “ரேம் பெருசா போட்டா போதும்” என்று கம்ப்யூட்டர் கடைக்காரர் கொடுத்த இரண்டு பச்சை ரேம் பட்டைகளை, காலையில் பல் தேய்த்த கையோடு ஸ்பானர் மாட்ட உட்கார்ந்தார்.

பின்னால் நின்று டார்ச் பிடித்தவள் மனைவி. “மெதுவாங்க. அது டயர் இல்ல.”

மூச்சைப் பிடித்துக்கொண்டு, தூங்கும் குழந்தையைப் படுக்கையில் கிடத்துவது போலப் பட்டைகளை வைத்தார். பட்டையைப் பிடித்துக்கொள்ளும் ஓரத்துக் கொக்கிகளையும் விரல் நுனியால் தூக்கிவிட்டார். வாழ்க்கையில் எதையும் இவ்வளவு பதமாகச் செய்ததில்லை என்று ஒரு சின்னப் பெருமைகூட வந்தது.

சுவிட்சைப் போட்டார். விசிறி சுற்றியது. கம்ப்யூட்டர் ‘பீப்’ என்று மூன்று முறை கத்தியது. திரை கறுப்பாகவே இருந்தது.

“என்ன மாமா, அதுக்கும் உங்க கை வலிக்குதாம்” என்றாள் லீவுக்கு வந்திருந்த மச்சினி.

பட்டையைக் கழற்றி, தங்க நிறப் பல்லை ரப்பரால் தேய்த்து, மறுபடி வைத்தார். மூன்று கத்தல். பழைய பட்டையையே திரும்ப மாட்டினார், அதைவிட மெதுவாக. அதே மூன்று கத்தல்.

நேற்று வரை ஓடிய பட்டையே ஓடவில்லை என்றால் உள்ளே எதையோ உடைத்துவிட்டோம். எழுந்தார், கூடம் வரை போனார், திரும்பி வந்தார், குனிந்து பார்த்தார், மறுபடி போனார். மனைவி முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். திட்டினாலாவது தேவலை என்றிருந்தது.

“ஒரு எடத்துல நில்லுங்க மாமா, எனக்குத் தலை சுத்துது.”

கடைக்காரருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் குரல் வந்தது. “கொக்கி ரெண்டும் தானா மாட்டிக்கிச்சா?”

“நான்தான் தூக்கி மாட்டிவிட்டேன்.”

“அதாங்க தப்பு. பட்டை முழுசா எறங்குனா அதுவே மாட்டிக்கும். பிளக்கக் கழட்டிட்டு ரெண்டு ஓரத்தையும் நல்லா அழுத்துங்க. சத்தம் கேக்கணும்.”

“சத்தம் கேட்டா உடைஞ்சிட்டதா அர்த்தம் இல்லியா?”

“உங்க தொழில் என்னங்க?”

“டயர் கடை.”

“அழுத்துங்க அண்ணே” என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் போனை வைத்துவிட்டார்.

பிளக்கைப் பிடுங்கினார். புதுப் பட்டையை இடத்தில் நிறுத்தினார். கட்டைவிரல் அதன்மேல் போனது, திரும்பி வந்தது.

“நீ அழுத்துறியா?” என்று மனைவியைக் கேட்டார்.

அவள் வந்து அழுத்திப் பார்த்தாள். அசையவில்லை. “நீங்களே அழுத்துங்க.”

“உடைஞ்சா?”

“உடைஞ்சா பழையபடி கவுண்டர்ல போய் நிக்கிறேன். இப்படியே வெச்சிருந்தாலும் அங்கதான் நிக்கணும். அழுத்துங்க.”

மச்சினி டார்ச்சை வாங்கிப் பிடித்தாள்.

அழுத்தினார். அடியிலிருந்த பலகை லேசாக வளைந்தது. ‘சடக்’ என்றது. மூன்று பேருக்கும் தூக்கிவாரிப் போட்டது. கொக்கி தானாக எழுந்து பட்டையைக் கவ்விக்கொண்டிருந்தது. மறு ஓரம், சடக். இரண்டாவது பட்டைக்கு அவர் யோசிக்கவே இல்லை.

சுவிட்சைப் போட்டதும் ஒரே ஒரு குட்டிச் சத்தம், பிறகு திரையில் வெளிச்சம். சோதனைக்கு நேரம் ஆகிவிட்டிருந்தது. மனைவி தைலக் கையைத் துடைத்தாள், நாற்காலியை இழுத்துப் போட்டாள், ஹெட்போனை மாட்டினாள். “ரெண்டு பேரும் வெளிய போங்க. கதவச் சாத்துங்க.”

அந்தக் கதவு மழையில் உப்பியது. ஓங்கி அறைந்தால்தான் தாழ் விழும். அறையக் கூடாது என்பது மனைவி போட்ட சட்டம். மெதுவாகச் சாத்தினார், திறந்துகொண்டது. இன்னும் மெதுவாகச் சாத்தினார். அதற்கும் திறந்துகொண்டது.

“என்னங்க,” உள்ளேயிருந்து குரல் வந்தது, “அறைஞ்சே சாத்துங்க.”

அறைந்தார். சுவரிலிருந்த காலண்டர் ஆடியது.

சமையலறையில் மச்சினி தட்டு எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. “சாப்பிட வாங்க மாமா.”

“நீ சாப்பிடு” என்றார். கதவுக்கு வெளியே, கைகளை அக்குளில் செருகிக்கொண்டு, உள்ளே எழுத்துகள் தட்டப்படும் சத்தத்தைக் கேட்டபடி நின்றார். நடுவில் அது நின்றபோதெல்லாம் அவருக்கும் மூச்சு நின்றது.