டாக்டர்கள் தேர்தலும் என் கால் வீக்கமும்

என் மகள் டாக்டர். ஆனாலும் எனக்கு வைத்தியம் பார்க்கிறது அவள் இல்லை. சொந்த அம்மாவுக்குப் பார்த்தால் பயத்தில் மருந்து ஒன்று கூடப் போகும், இல்லை குறையப் போகும், அதனால் வேற ஒருத்தர்தான் பார்க்கணும்னு டாக்டர்களுக்குள்ளே ஒரு வழக்கம் இருக்குது. அவளும் குழந்தைகளுக்குப் பார்க்கிறவள். என் பிரஷருக்கு, நெல் ஏலம் விடுகிற கமிட்டிக்குப் போகிற ரோட்டில் இருக்கிற பெரிய டாக்டரிடம் எட்டு வருஷமாகப் போய்க்கொண்டிருந்தேன். எங்களுக்கு முன்னாலிருந்தே செஞ்சியில் இருக்கிறவர்.

அங்கே போவதில் எனக்கு ஒரு சங்கடம். டாக்டர் வீட்டு ஆளுக்கு டோக்கன் கிடையாது, பீசும் கிடையாது. என் தலை தெரிந்ததும் கம்பவுண்டர் உள்ளே சொல்லி, முதல் ஆளாகக் கூப்பிட்டு விடுவார். அனந்தபுரத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர்கள் எல்லாம் உட்கார்ந்திருப்பார்கள், நான் எழுந்து உள்ளே போவேன். நானும் கூலிக்கு மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பிடுங்கிப் பிழைத்தவள்தான். "ஒனக்கு மட்டும் இன்னா பெரிம்மா தனி வழி?"ன்னு ஒரு பெண் ஒரு நாள் கேட்டே விட்டாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

கடைசியாகப் போனபோது, பிரஷர் இறங்கவில்லைன்னு அவர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். ஒரு மாசத்தில் கட்டாயம் வந்து காட்டச் சொன்னார். அந்த ஒரு மாசத்துக்குள்ளேதான் தேர்தல் பேச்சு வந்தது.

டாக்டர்களுக்கு ஒரு சங்கம் இருக்குது. செஞ்சி, திண்டிவனம், இந்தப் பக்கத்து ஊர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு வட்டாரம். அதற்கு ஒரு தலைவர். ஓட்டுப் போட்டதே கிடையாதாம். பெரியவர்கள் நாலு பேர் கூடிப் பேசி, இந்தத் தடவை நீங்கள் இருங்கன்னு ஒருத்தருக்கு மாலையைப் போட்டுவிடுவார்கள். அப்படிப் பார்த்தால் இந்தத் தடவை பெரிய டாக்டர் முறை. ஆனால் ஒரு ஊரில் நோயாளியின் சொந்தக்காரர்கள் ஆஸ்பத்திரியில் புகுந்து ஒரு சின்ன வயசு டாக்டரை அடித்துவிட்டார்கள். சங்கம் ஒரு கடுதாசி எழுதியதோடு சரி. அந்தக் கோபத்தில் இளசுகள் எல்லாம் சேர்ந்து என் மகளை நிற்கச் சொன்னார்கள்.

அவள் முதலில் போய்ச் சொன்னது பெரிய டாக்டரிடம்தான். தாராளமா நில்லும்மா, நானும் நிக்கிறேன், பார்ப்போம்னு சொன்னாராம். அதில் ஒன்றும் தப்பில்லை. எனக்குத்தான் பிறகு சிக்கலாகிப் போனது.

எங்கள் வீடு மகளின் கிளினிக்குக்கு மேலே. சாயங்காலம் ஆனால் நாலைந்து டாக்டர்கள் வந்து உட்கார்ந்து, யாருக்கு போன் போட்டாச்சு, யாருக்குப் போடலைன்னு பேசுவார்கள். நான் டீ போட்டுக் கொண்டுபோய் வைப்பேன். ஒரு நாள் அதில் ஒரு பையன், "அவருக்கு வயசாயிடுச்சு மேடம், மைக்கப் புடிச்சா சாப்பாடு ஆறுற வரைக்கும் உடமாட்டாரு"ன்னு சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். என் மகள் சிரிக்கவில்லை. ஆனால் சிரிக்காதீங்கன்னும் சொல்லவில்லை.

என் வீட்டு டீயைக் குடித்துக்கொண்டு அவரைப் பேசுகிறார்கள். நாளைக்கு நான் அங்கே போனால், அவர் டோக்கன் இல்லாமல் முதல் ஆளாக என்னைத்தான் கூப்பிடுவார். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போய் உட்காருவது? நான் போகவில்லை. மருந்துக்கடையில் அவர் கடைசியாக எழுதின சீட்டையே காட்டி அந்தப் புது மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டேன். மகள் ஒரு நாள் போனைக் காதில் வைத்துக்கொண்டே, போயிட்டு வந்தியாம்மான்னு கேட்டாள். போனேன், நல்லாத்தான் இருக்குதாம்னு சொல்லிவிட்டேன். அவளிடம் நான் பொய் சொன்னது கிடையாது. சொன்னதும் எளிதாக இருந்ததுதான் கஷ்டமாக இருந்தது.

ரெண்டாவது மாசம் கால் வீங்க ஆரம்பித்தது.

வீங்கின காலை எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்கு முதலில் கால்தான் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழும், குழி மேலே வர நேரமாகும். கிட்னி போய்விட்டதுன்னு சொன்னார்கள். ஒண்ணரை வருஷம் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் அலைந்தோம், உயிர் தங்கவில்லை. மகள் அப்போது படித்து முடிக்கவில்லை. நான் தினமும் காலையில் பல் விளக்கும் முன்னே கணுக்காலை அழுத்திப் பார்ப்பேன். குழி விழும். புடவையை இறக்கிக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போவேன். மகளிடம் சொன்னால் யாரிடம் காட்டினாய்னு கேட்பாள், பொய் வெளியே வரும். தேர்தல் முடியட்டும், முடியட்டும்னு நாளைத் தள்ளினேன்.

தேர்தல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திண்டிவனம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. சங்கத்துக் கூட்டம் எங்கே நடந்தாலும் குடும்பத்தோடு போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். நான் வரலைன்னேன். மகள் விடவில்லை.

வாசலில் ஒரு பக்கம் என் மகள், ஒரு பக்கம் பெரிய டாக்டர், வருகிறவர்களுக்குக் கும்பிடு போட்டுக்கொண்டு நின்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு அவரைத் தாண்டப் பார்த்தேன். செருப்பைக் கழற்ற வேண்டியிருந்தது. காலில் அழுந்திக் கிடந்தது, கழலவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு உதறியதைப் பார்த்துவிட்டார்.

"இங்க வாங்கம்மா, கால காட்டுங்க."

ஒண்ணுமில்லை, நடந்து வந்ததால்தான்னு சொல்லிப் பார்த்தேன். காரில் வந்தது அவருக்குத் தெரியும். ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னார். வெள்ளை வேட்டியை மடக்கிக்கொண்டு அவரும் கீழே குந்தினார். கட்டை விரலை வைத்து அழுத்தினார். குழி விழுந்தது. அதற்குள் சுற்றி ஆள் கூடிவிட்டது. எனக்கு உடம்பே கூசிப்போய்விட்டது.

திண்டிவனத்து டாக்டர் ஒருத்தர் குனிந்து பார்த்துவிட்டு, "சார், அந்தம்மாவுக்கு ஓட்டு கெடையாது. வேற கால் பாருங்க"ன்னார். எல்லாரும் சிரித்தார்கள், பெரிய டாக்டரும் சிரித்தார். ஆனால் விரலை எடுக்கவில்லை.

"நான் ஒரு மாசத்துல வரச் சொன்னனா இல்லியா?"

சொன்னீங்கன்னு தலையை ஆட்டினேன்.

"ஏன் வரல? ஒங்க பொண்ணு போவக் கூடாதுன்னுச்சா?"

அவர் இத்தனை நாளும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்னு அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என் மகள் முகம் செத்துப்போய்விட்டது. அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"அய்யோ, அதுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. ஒங்கள எதுத்து பொண்ண நிக்க வெச்சிட்டு, ஒங்ககிட்டயே வந்து எப்பிடி சும்மா வைத்தியம் பாத்துக்கறதுன்னு நான்தான் வரல. இப்ப எங்கூட்டுக்காரருக்கு வந்த மாதிரியே வந்துட்டுது."

அத்தனை பேர் முன்னால் என் வாழ்நாளில் நான் பேசினது அவ்வளவுதான்.

மகள், ஏம்மா, ஒரே வீட்டுலதானே இருக்கிறோம், எனக்குக் கூடவா சொல்லமாட்டாய்னு ஆரம்பித்தாள். பெரிய டாக்டர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். இது நான் மாற்றிக் கொடுத்த மாத்திரையால் வருகிற வீக்கம் மாதிரிதான் தெரிகிறது, சில பேருக்கு இப்படிக் கால் வீங்கும், அதைப் பார்க்கத்தான் ஒரு மாசத்தில் வரச் சொன்னேன்னார். அந்த மாத்திரையை நிறுத்தி, வேற ஒன்றை ஒரு ஓட்டு நோட்டீசின் பின்பக்கத்தில் எழுதி மகளிடம் கொடுத்தார். நாளைக்கே போடச் சொன்னார். "ஆனா ரத்தம், யூரின் பாக்காம கிட்னி நல்லாருக்குன்னு நான் சொல்லமாட்டன். காலையில வாங்க."

பிறகு ஓட்டுப் போட்டார்கள், எண்ணினார்கள், மைக்கில் சொன்னார்கள், கை தட்டினார்கள். என் மகளுக்கு மாலை விழுந்ததைப் பார்த்தேன். பெரிய டாக்டர் அவளுக்குக் கை கொடுத்துவிட்டு, போட்டோவுக்கு நிற்காமல், கிளினிக்கில் ஆள் காத்திருக்குதுன்னு போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை அவர் கிளினிக் கிடையாது. இலையில் போட்ட அல்வாவை நான் தொடவில்லை. அது கிட்னியாக இருந்துவிட்டால் என்கிற நினைப்பைத் தவிர வேற ஒன்றும் உள்ளே இறங்கவில்லை.

மறுநாள் மகள் வாழ்த்துச் சொல்ல வந்தவர்களை எல்லாம் பிறகு வரச் சொல்லிவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். பெரிய டாக்டர், "வாங்க தலைவரே"ன்னு அவளைக் கூப்பிட்டார். அதில் கொஞ்சம் காரம் இருந்தது. என் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றின பிறகு காரம் போய்விட்டது. ரத்தம் எடுத்தார்கள். மத்தியானம் சொல்கிறேன்னார்.

மத்தியானம் சோத்துக்கு அரிசியைக் களைந்துகொண்டிருந்தேன். மகள் படியேறி ஓடி வந்தாள். அவள் அப்படி ஓடி நான் பார்த்தது பள்ளிக்கூடத்துப் பாப்பாவாக இருந்தபோதுதான். கிட்னி நல்லா இருக்குதாம், வீக்கம் மாத்திரையால் வந்ததுதானாம், அவரே போன் பண்ணினாராம்.

ஈரக் கையோடு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கொஞ்ச நேரம் திட்டினாள். திட்டுகிறது காதுக்கு நன்றாக இருந்தது. முடித்தபிறகு நான் கேட்டேன்.

"பாப்பா, எத்தன ஓட்டுல ஜெயிச்ச?"

"நேத்தே மைக்குல சொன்னாங்களேம்மா. நீ முன்னால தான உக்காந்திருந்த."

"என் காதுல ஒண்ணும் உழல. இப்ப சொல்லு."

ஏழு ஓட்டுன்னாள். முதலில் அவர்தான் முன்னால் இருந்தாராம், கடைசிக் கட்டுச் சீட்டை எண்ணும்போது மாறிப்போனதாம். யார் யார் எப்படிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், யார் சோற்றை விட்டுவிட்டு எழுந்து வந்தார்கள்னு எல்லாம் சொன்னாள். நான் காலை நீட்டிக்கொண்டு, அரிசியை அப்படியே விட்டுவிட்டு, ஒரு சொல் விடாமல் கேட்டேன்.