திங்கட்கிழமைகளில் கிளம்பாத கார்

எங்கள் வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவர் என் மனைவி மட்டும்தான். எனக்கு மொபெட்டுக்கு மேல் எதுவும் பழகவில்லை. அவள் சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். முதுகில் ஆபரேஷன் ஆன பிறகு, பஸ்ஸில் நின்றபடி போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்த வருடங்களில், எங்கள் தெருவில் யாரிடமும் கார் இல்லாதபோது, நாங்கள் ஒரு பழைய காரை வாங்கினோம். வெள்ளை நிறம், பின்னால் நீளமான டிக்கி, எங்களுக்கு முன் இரண்டு கை மாறிய வண்டி.

அதைப் பார்த்துச் சொன்னவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. வேப்பூரில் நெடுஞ்சாலை ஓரத்து டயர் கடையில் வேலை செய்தான். அக்காவுக்குக் கார் ஓட்டக் கற்றுக் கொடுத்ததும் அவன்தான். விற்றவர் மங்கலம்பேட்டைக்காரர். வளைகுடாவுக்குத் திரும்பிப் போக இருந்தார். நாங்கள் போனபோது டீ கொடுத்து, சாவியைக் கையில் தந்து, "ஒரு கம்ப்ளைண்ட் கிடையாது சார், நீங்களே ஓட்டிப் பாருங்க" என்றார். நான் ஓட்டிப் பார்க்க முடியாது. பானட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. நாங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார். ஏன்? குளிர்ந்த எஞ்சின் கிளம்பாததை மறைக்கவா?

திரும்பி வரும் வழியில் இதைச் சொன்னேன். "பால் வாங்கப் போயிட்டு வந்திருப்பாரு மாமா" என்றான் மச்சினன். அந்த ஆளுக்காக இவன் ஏன் இவ்வளவு பரிந்து பேசுகிறான் என்று அப்போதே மனதில் ஒரு முடிச்சு விழுந்தது.

என் வேலையும் அப்படிப்பட்டது. விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் யூனிட்டில் நான் பரிசோதகன். மின்கம்பத்துக்குப் போகிற பீங்கான் குமிழ்களும் வீட்டு மீட்டர் பலகையில் மாட்டுகிற வெள்ளை பியூஸ் கட்டைகளும் சூளையிலிருந்து வெளியே வரும். ஒவ்வொன்றையும் சிறு மரச்சுத்தியால் தட்டிக் கேட்பேன். நல்ல பீஸ் கணீரென்று பேசும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் மண்ணாங்கட்டிபோல ஒலிக்கும். நாள் முழுக்க, பார்வைக்கு ஒழுங்காக இருப்பதை நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் பழக்கத்தை வாசலில் செருப்போடு கழற்றி வைக்க எனக்குத் தெரியவில்லை.

முதல் மூன்று மாதம் கார் ஒழுங்காக ஓடியது. நான்காவது மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் மனைவி சாவியைத் திருப்பினாள். டக் என்று ஒரு சத்தம். இன்னொரு டக். டேஷ்போர்டு விளக்குகள் மங்கி அணைந்தன. எதிர் வீட்டுக்காரரும் நானும் தள்ளிவிட்டோம். தெருக்கோடியில் உறுமிக்கொண்டு கிளம்பியது.

அடுத்த திங்களும் அதேதான். ஜங்ஷன் ரோட்டில் ஒயரிங் கடை வைத்திருந்த பாய் வந்து பார்த்தார். பேட்டரி வயதாகிவிட்டது என்று புதியது மாட்டினார். டைனமோ சார்ஜ் ஏற்றுகிறதா என்று பார்த்து, ஏற்றுகிறது என்றார். பியூஸ் பெட்டியைத் திறந்தபோது ஒரு பியூஸைப் பிடுங்கிக் காட்டினார். எரிந்துபோன பியூஸைச் சுற்றி சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதம்.

"இது யாரு பண்ணது சார்? வண்டி பத்திக்கிட்டிருக்கும்."

எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. மங்கலம்பேட்டைக்காரர் மீது நான் வைத்த சந்தேகம் வீண் போகவில்லை. ஆனால் பாய் போன பிறகு வேறொன்று தோன்றியது. இவரும் மங்கலம்பேட்டைதானே. ஒருவேளை விற்றவருக்குச் சொந்தமோ? அல்லது வெள்ளிக் காகிதத்தைக் கையோடு கொண்டுவந்து எனக்குக் காட்டினாரோ? புதுப் பேட்டரியின் அடிப்பக்கத்தில், யாருக்கும் தெரியாமல், ஆணியால் ஒரு சிலுவைக் குறி கீறி வைத்தேன். அடுத்த முறை அவர் கைக்குப் போனால் மாற்றிவிடுவாரா என்று பார்க்கத்தான்.

புதுப் பேட்டரியும் இரண்டாவது திங்களில் படுத்துக்கொண்டது. பாய் அதை எடுத்துப்போய் ஒருநாள் சார்ஜில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். குனிந்து அடியில் பார்த்தேன். சிலுவை இருந்தது. எனக்கு அது நிம்மதியாக இல்லை. பாய் இல்லை என்றால், பின்னே யார்?

திங்கட்கிழமைக்கு முன்னால் வருவது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு தோறும் வீட்டுக்கு வருகிறவன் மச்சினன். காலையில் அக்காவோடு நடந்து மாதா கோயிலுக்குப் போவான், பூசை முடிந்து வந்து காரைக் கழுவுவான், நான் வந்ததும் என்னோடு சாப்பிட்டுவிட்டுப் போவான். எனக்கு ஞாயிறும் வேலை. சூளைக்கு லீவு கிடையாது. நான் மூன்று மணிக்கு வரும்போது கார் ஈரமாக மின்னும். அவன் கதவைத் திறந்துபோட்டு உள்ளே உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பான்.

ஒரு சனிக்கிழமை இரவு படுக்கப்போகுமுன் கிலோமீட்டர் எண்ணை என் பரிசோதனைச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். மறுநாள் மாலை பார்த்தால் பதினான்கு கிலோமீட்டர் ஏறியிருந்தது. அடுத்த வாரம் ஏறவில்லை. அதற்கடுத்த வாரம் மறுபடி பதினான்கு. யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூட. தம்பி என்றால் அவளுக்கு உயிர். அவனைக் காப்பாற்றத்தான் பார்ப்பாள் என்று நினைத்தேன். கூட்டாளிகளை ஏற்றிக்கொண்டு முந்திரித் தோப்புப் பக்கம் போகிறான், பாட்டைப் போட்டே பேட்டரியைத் தீர்க்கிறான் என்று மனதுக்குள் ஒரு முழுக் கதையே எழுதி முடித்துவிட்டேன். ஒரு விஷயம் மட்டும் கதையில் ஒட்டவில்லை. பதினான்கு ஏறிய வாரங்களில் திங்கள் காலை கார் கிளம்பியது. ஏறாத வாரங்களில்தான் படுத்தது. அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. குறித்து மட்டும் வைத்தேன்.

மூன்றாவது முறை பதினான்கு ஏறிய ஞாயிறன்று, மனைவி பக்கத்து வீட்டுக்குக் குழம்பு கொடுக்கப் போயிருந்தாள். மச்சினன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"மாப்ள, வண்டிய எங்க எடுத்துட்டுப் போன?"

"எங்கயும் போவுல மாமா. கழுவிட்டு இருக்கேன்."

"பதினாலு கிலோமீட்டர் ஏறியிருக்குது. போன மாசம் ரெண்டு தடவ. எல்லாம் எழுதி வெச்சிருக்கேன்."

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து நான் சீட்டை எடுத்து நீட்டியிருந்தேன். அவன் அதை வாங்கவில்லை.

"எனக்கு வேணும்னா கேட்டு எடுப்பேன் மாமா. கேக்காம எடுக்க மாட்டேன்."

"அப்ப தானா ஓடுச்சா?"

 அவன் துணியைப் பிழிந்து கம்பியில் காயப்போட்டான். வாளியைக் கவிழ்த்து வைத்தான். "அக்காகிட்ட போயிட்டு வரேன்னு சொல்லிடுங்க" என்று சொல்லி பைக்கை எடுத்தான். அன்று அவனுக்குப் பிடித்த வஞ்சிர மீன் குழம்பு. சாப்பிடாமல் போனான். குட்டு வெளிப்பட்டது, அதனால் ஓடுகிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. மனைவி போன் செய்தால் கடையில் வேலை அதிகம் என்றான். இரண்டாவது ஞாயிறு மாலை அவள் பரீட்சைத் தாள்களை மூடி வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அவங்கிட்ட என்ன சொன்னீங்க?"

நான் சீட்டைக் காட்டினேன். தேதி, எண், தேதி, எண். அவள் கணக்கு டீச்சர். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"இது நான் ஓட்டுனது" என்றாள்.

"நீயா?"

"பேட்டரி எறங்குதேன்னு பாய்கிட்ட கேட்டேன். சும்மா நிறுத்தி வெக்காதீங்க டீச்சர், ஞாயித்துக்கெழமை ஒரு சுத்து போயிட்டு வாங்கன்னாரு. பூச முடிஞ்சதும் வீட்டுக்கு வந்து வண்டிய எடுத்துட்டு ஊர தாண்டி கொஞ்ச தூரம் போயிட்டுத் திரும்பிடுவேன். தம்பி வர்றதுக்கு முன்னாடியே வந்துடுவேன். முடியாத வாரம் போவுல."

"கோயிலுக்கு அவனும் உன்கூடத்தானே வர்றான்?"

"அவன் பூச முடிஞ்சு அங்க பசங்களோட பேசிட்டு மெதுவா வருவான். அதுக்குள்ள."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா பாய் பேர்ல இன்னொரு சந்தேகம் வரும். ஏன் ஓட்டச் சொல்றாரு, பெட்ரோல் பங்க்காரன் அவருக்குச் சொந்தமான்னு கேப்பீங்க."

கேட்டிருப்பேன்.  அன்று ராத்திரி அவள் என்னோடு பேசவில்லை. தம்பி ஏன் சாப்பிடாமல் போனான் என்பதை நான் அவளிடம் மறைத்ததுதான் அவளுக்குப் பெரிதாகப் பட்டது. வயிறு சரியில்லை என்று அவன் சொன்னதாக அன்றைக்கு நானே சொல்லியிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை காலை இருவருமாகக் காரைப் பாயின் கடைக்குக் கொண்டு போனோம். மனைவி நேராகச் சொன்னாள். "எங்க எறங்குதுன்னு இன்னிக்குக் கண்டுபிடிங்க பாய். எவ்ளோ நேரம் ஆனாலும் சரி."

பாய் எல்லாக் கதவுகளையும் மூடச் சொன்னார். பானட்டைத் திறந்து பேட்டரியின் ஒரு ஒயரைக் கழற்றினார். கழற்றிய ஒயருக்கும் பேட்டரிக்கும் நடுவில் ஒரு சின்ன பல்பைக் கொடுத்தார். வண்டியில் எதுவும் ஓடவில்லை. எதுவும் எரியவில்லை. ஆனாலும் அந்தப் பல்பு மங்கலாக எரிந்தது.

"பாத்தீங்களா சார்? எங்கியோ கரண்டு குடிக்குது."

ஒவ்வொரு பியூஸாகப் பிடுங்கினார். ஏழாவதைப் பிடுங்கியதும் பல்பு அணைந்தது. அந்த பியூஸில் பாட்டுப் பெட்டியும் உள் விளக்கும் டிக்கி விளக்கும் இருந்தன. பியூஸைத் திரும்ப மாட்டி, பாட்டுப் பெட்டியின் ஒயரைக் கழற்றினார். பல்பு எரிந்துகொண்டே இருந்தது. டிக்கியைத் திறந்து உள்ளே இருந்த பல்பைக் கழற்றினார். பேட்டரியில் மாட்டிய பல்பு அணைந்தது.

"டிக்கி லைட்டு. மூடினப்பறமும் எரியுது. சனி ஞாயிறு ரெண்டு நாள் ஓடாம நின்னா பேட்டரி தீந்துடும்."

"பல்ப கழட்டுனா அணையத்தானே செய்யும்?" என்றேன். "மூடினா எரியுதுன்னு எப்படித் தெரியும்?"

பாய் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "நம்பலன்னா உள்ள படுத்துப் பாருங்க சார். நான் படுக்க முடியாது, ஒடம்பு பெருசு."

பாய் டிக்கி பல்பையும் பேட்டரி ஒயரையும் திரும்ப மாட்டினார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு டிக்கிக்குள் ஏறினேன். ஸ்டெப்னி டயரைச் சுற்றி முழங்காலை மடக்கிப் படுத்தேன். மனைவி மூடினாள்.

விளக்கு அணையவில்லை.

மஞ்சள் வெளிச்சம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று எரிந்தது. மூடியின் ஓரத்தில் இருந்த சுவிட்சு தெளிவாகத் தெரிந்தது. அதைத் தாங்கும் தகடு வளைந்திருந்தது. மூடி வந்து அதை அழுத்தவே இல்லை. வளைந்த இடத்தில் வெள்ளையாக ஒரு தேய்ப்பு. விரலால் தொட்டுப் பார்த்தேன். அந்தப் பொடியை எனக்கு இருட்டிலும் தெரியும். இருபது வருஷமாக என் நகக்கண்ணில் இருக்கிற பீங்கான் மாவு. கார் முதல் முறை படுப்பதற்குச் சில நாள் முன், சேத்தியாத்தோப்பில் ஒரு எலக்ட்ரிக்கல் கடைக்குக் காட்ட, யூனிட்டிலிருந்து மாதிரிப் பீஸ்கள் அடைத்த மரப்பெட்டியை இந்த டிக்கியில் நான்தான் ஏற்றினேன். கனம் தாங்காமல் ஓரத்தில் இடித்து, பிறகு உள்ளே தள்ளினேன். தகர ஓசை ஒன்று கேட்டது. பெட்டிக்குள் பீஸ் உடைந்ததோ என்றுதான் பார்த்தேன்.

"போதும், திறங்க" என்றேன்.

வெளியே மனைவியின் குரல் கேட்டது. "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் பாய்."

பாய் சிரிப்பது கேட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். மூடி திறந்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. கை கொடுத்து இறக்கிவிட்டாள். பெட்டியைப் பற்றி நானே சொன்னேன். பாய் இடுக்கியால் தகட்டை நிமிர்த்தினார், அவ்வளவுதான் வேலை.

"நம்ம கை பட்டது நமக்குத் தெரியாது சார்" என்று மட்டும் சொன்னார்.

கடையிலிருந்து வீட்டுக்குத் திரும்பவில்லை. மனைவி வேப்பூர் ரோட்டில் வண்டியைத் திருப்பினாள். நான் எங்கே என்று கேட்கவில்லை. டயர் கடையில் மச்சினன் ஒரு லாரிச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து, கை அழுக்கு என்று காட்டி, முழங்கையால் நாற்காலியை நகர்த்திப் போட்டான்.

"மாப்ள, நான் சொன்னது தப்பு" என்றேன். வழி நெடுக யோசித்து வைத்திருந்த மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. "ஓட்டுனது உங்க அக்கா. வண்டியக் கெடுத்தது நான்."

"பரவால்ல மாமா."

"பரவால்லன்னு சொல்லாத."

அவன் சாலையைப் பார்த்தான். ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"வேற யாராச்சும் கேட்டிருந்தா சண்ட போட்டிருப்பேன் மாமா. நீங்க எழுதி வெச்சுக் கேட்டீங்க. எத்தினி வாரமா என்னைப் பாத்துட்டே இருந்திருக்கீங்கன்னு நெனச்சப்பதான் கஷ்டமா இருந்துச்சு. அந்த வாரமெல்லாம் நான் உங்களோட சிரிச்சுப் பேசிட்டு இருந்தேன்."

 அவன் போய் எங்கள் காரின் நான்கு டயர்களுக்கும் காற்றுப் பார்த்தான். முன்பக்கம் ஒன்றில் குறைவு என்று சொல்லி நிரப்பினான்.

மறு ஞாயிறு வந்தான். சாப்பிட்டான். வழக்கம்போல எல்லாம் பேசினான். ஆனால் காரைக் கழுவவில்லை. சாவியை நான் நீட்டியபோது, "அக்கா வெச்சிருக்கட்டும் மாமா" என்றான். அதன் பிறகு ஞாயிறு காலைகளில் வேலைக்குப் போகுமுன் காரை நானே கழுவினேன். பாதி அழுக்கு அப்படியே இருக்கும். ஈஸ்டர் வரை அப்படித்தான் போயிற்று. ஈஸ்டர் அன்று எனக்கு லீவு கிடைத்தது. நான் பின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவன் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு எழுந்து வந்து என் கையிலிருந்து துணியை வாங்கினான்.

"இப்டி வட்டமா தொடச்சா கோடு விழும் மாமா" என்றான். "நேரா இழுக்கணும்."

நான் தள்ளி நின்றுகொண்டேன்.