சனிக்கிழமை எட்டுச் செலவு

செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் எட்டாம் நாள் சமைத்துப் படைப்பது எட்டுச் செலவு. தியாகலிங்கத்துக்கு அது வியாழக்கிழமை வந்திருக்கவேண்டும். சுவிஸில் எட்டாம் நாளும் முப்பத்தோராம் நாளும் சனத்தின் லீவைப் பார்த்துத்தான் வரும். அவருடைய மனைவி சரோஜினிதேவி சனிக்கிழமைக்குத் தள்ளினார்.

"சனிக்கிழமை உனக்கும் லீவுதானே பிள்ளை," என்றார் மருமகள் நிரஞ்சினியிடம்.

நொஷாட்டல் நகரில் அவள் ஆராய்வது ஒன்றையொன்று சுற்றும் இரண்டு நட்சத்திரங்களை. ஒன்று மற்றதை மறைக்கும்போது வெளிச்சம் மங்கும். எவ்வளவு மங்குகிறது, எவ்வளவு நேரம் என்று அளந்தால்தான் இரண்டின் பருமனும் பிடிபடும். அவளுக்கு வாய்த்தது சோம்பேறிச் சோடி. ஒன்பது வருடத்துக்கு ஒருமுறைதான் மறைக்கும். அது இந்தச் சனிக்கிழமை மாலை. அவளுடைய வேலை ஒப்பந்தமோ ஆவணியோடு முடிகிறது. செத்தவரின் நாளைத் தள்ளலாம், நட்சத்திரத்தை யார் தள்ளுவது?

"மாமி, வியாழனே செய்வமோ?"

"ஆக்கள் வேலையை விட்டிட்டு வருவினமோ?"

அதற்குமேல் கதைத்தால் மருமகளுக்கு மனமில்லை என்ற பேர்தான் மிஞ்சும்.

மலையிலிருக்கும் தொலைநோக்கியை வீட்டிலிருந்தே இயக்கலாம் என்பது ஒன்றுதான் ஆறுதல். சனிக்கிழமை மாலை படுக்கையறையில் மடிக்கணினியைத் திறந்து வைத்தாள். தொடர்பு அறுந்தால் தொலைநோக்கியின் கூரை தானாக மூடிவிடும், பிறகு மலைக்கு ஆள் போய்த்தான் திறக்கவேண்டும். கணவன் கிருபனைப் பக்கத்தில் இருக்கச் சொன்னாள். கொள்ளி வைத்த பிள்ளை என்று அவனைப் படையலுக்கு முன்னால் இருத்திவிட்டார்கள்.

அவள் குசினியில் மாட்டிக்கொண்டாள். நண்டுக்கறி இறக்கினால் கூழ் கொதித்தது. "பிள்ளை, தேத்தண்ணி." "பிள்ளை, வாழையிலை." ஒருமுறை எப்படியோ அறைக்குள் ஓடிப்போய்ப் பார்த்தாள். திரையில் வெளிச்சத்தின் புள்ளிகள் மெல்ல இறங்கத் தொடங்கியிருந்தன. சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது. மிக மங்கும் அடிமட்டம் இன்னும் வரவில்லை. அதற்குள் மறுபடி கூப்பிட்டார்கள்.

தேத்தண்ணி கொடுத்துவிட்டு வந்தபோது கட்டில் முழுக்க வந்தவர்களின் குளிர் ஜாக்கெட்டுகள். மடிக்கணினி மூடிக் கிடந்தது. திறந்தாள். மலையில் கூரை மூடியிருந்தது.

வின்டர்தூரிலிருந்து வந்திருந்த கஜலக்சுமி அன்ரி பின்னால் வந்து தோளைத் தொட்டார்.

"ஏதோ ஓடிக்கொண்டிருந்தது பிள்ளை. செத்த வீட்டிலை மருமகள் படம் பாக்கிறாளெண்டு சனம் கதைக்குமெல்லோ. நான்தான் மூடிவிட்டனான். ஒருத்தரும் காணேல்லை, பயப்பிடாதை."

நிரஞ்சினிக்குக் குழறி அழவேண்டும் போலிருந்தது. செத்த வீட்டில் அவள் அழுதால் யாரும் ஏனென்று கேட்கப்போவதுமில்லை.

"நன்றி அன்ரி," என்றாள்.