கல்லறையில் எடுத்த பெயர்

என் அப்பா வில்லியம் மெயர் ஐம்பத்தேழு வயதில் பயன்பாட்டுச் சமூக அறிவியலில் இளங்கலைப் பட்டம் படிக்கச் சேர்ந்தார். இந்த மார்ச்சில் இறந்தார். பட்டம் கிடைக்கவில்லை.

வில்லியம் என்று அவரை ஊரில் யாரும் கூப்பிட்டதில்லை. ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கடற்கரையில் எங்களுடையது சின்னத் துறைமுகம். மெயர், ஸ்லேட்டர், கௌவி, ஃப்ளெட் என்று நான்கே குடும்பப் பெயர்கள். போதாததற்கு மூத்த மகனுக்குத் தாத்தாவின் பெயரையே வைப்பார்கள். ஒரே பெயரில் பலர் இருப்பதால் ஊரே ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் வைத்துவிடும். அப்பாவுக்குக் கிட்டி. பதிவேட்டுப் பெயர் பென்ஷனுக்கும் கல்லறைக்கும் மட்டும்.

கடலில் மீன் குறைந்ததால் மீன்பிடிப் படகுகளை உடைக்க அரசு பணம் கொடுத்தபோது அப்பாவின் படகும் போனது. கரைக்கு வந்த ஆண்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் எழுதவில்லை என்பது அவருடைய குறை. படித்துவிட்டு அவர்களுக்காக ஒரு உதவி மையத்தில் வேலை செய்ய வேண்டும் என்றார். பட்டம் இல்லாமல் அந்த வேலைக்கு எடுக்க மாட்டார்கள். நுரையீரல் அப்போதே கெட்டிருந்தது. நான் கடலில் நிற்கும் காற்றாலைகளைப் பழுது பார்ப்பவள். வீட்டுக்கு வரும்போதெல்லாம் சமையலறை மேஜை முழுக்க அவருடைய புத்தகங்கள் இருக்கும். சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவோம்.

இறுதி ஆண்டு ஆய்வுக்கு, படகு இழந்த ஆண்கள் சிலரிடம் பேசிப் பதிவு செய்தார். பேசியவர் யார் என்று வெளியே தெரியக் கூடாது, பெயரை மாற்ற வேண்டும் என்பது படிப்பின் விதி. அங்கேதான் சிக்கல். ஊருக்கு ஒட்டுகிற எந்தப் பெயரை வைத்தாலும் அது உயிரோடு இருக்கிற யாரோ ஒருவருடைய பெயராக இருந்தது. வெளியூர்ப் பெயர்களை அவர் கை எழுத மறுத்தது.

"கெவின்னு போட்டுப் பாத்தேன். கெவின் எப்படிம்மா வலை இழுப்பான்?" என்றார்.

கடைசியில் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தின் பழைய பகுதிக்குப் போனார். பாசி பிடித்த, நூறு வருடம் தாண்டிய கற்களிலிருந்து பெயர்களை எடுத்தார். "செத்து அவ்வளவு நாளாச்சு. யாருக்கும் நோகாது" என்றார். நானும் சரி என்றே நினைத்தேன்.

ஆய்வை ஒப்படைக்கும் முன் ஊராருக்குப் படித்துக் காட்ட வேண்டும். அதுவும் அந்தப் படிப்பின் முறை. துறைமுகக் கூடத்தில் நல்ல கூட்டம்.

"எங்கள வச்சு எழுதி நீ பாஸ் ஆவ. அப்ப எங்களுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் பட்டம் குடு கிட்டி."

"உன் குறட்டையப் பத்தி எழுதலன்னு சந்தோஷப்படு" என்றார் அப்பா.

சிரித்தார்கள். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அலெக்சாண்டர் ஸ்லேட்டர் என்று அவர் பெயர் வைத்திருந்த மனிதர், படகு போன பிறகு கிடைத்த வேலையும் போனதை மனைவியிடம் சொல்லவில்லை. தினமும் காலையில் ரொட்டிப் பொட்டலத்தோடு கிளம்பி, மேட்டில் வண்டியை நிறுத்தி அதற்குள்ளேயே மாலைவரை உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் நெஞ்சளவு தண்ணீர்வரை நடந்து போய்த் திரும்பி வந்தார்.

எல்ஸ்பெத் எழுந்து நின்றார். டஃபியின் மனைவி. டஃபி அப்பாவோடு ஒரே படகில் இருந்தவர், இரண்டு குளிர்காலம் முன்பு துறைமுகச் சுவரிலிருந்து விழுந்து இறந்தவர். வழுக்கி விழுந்தார் என்றுதான் ஊர் சொல்லும்.

"என் புருஷன் பேரு அலெக்சாண்டர் ஸ்லேட்டர்" என்றார் எல்ஸ்பெத்.

டஃபி என்றே கூப்பிட்டுப் பழகிய அப்பாவுக்கு அது தெரியாது. டஃபியின் அடக்கத்தில் அந்தப் பெயர் வாசிக்கப்பட்டபோது அவர் அபர்டீன் மருத்துவமனையில் இருந்தார். அவர் பார்த்தது டஃபியுடைய தாத்தாவின் தாத்தாவுக்கு வைத்த கல்.

"இது டஃபி இல்ல அக்கா. சத்தியமா இல்ல. பேரு மட்டும் தெரியாம வச்சது."

"அப்ப யாரு?"

அப்பா கையிலிருந்த தாள்களை மடித்தார்.

"இல்லன்னா யாருன்னு சொல்லு கிட்டி. சொல்ல மாட்டியா? அவன் உன்கிட்டதான சொல்லியிருப்பான். வேணும்னுதான் போனானா அவன்?"

"சொல்றதில்லன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"செத்தவனுக்கா வாக்கு?"

அதற்குமேல் எல்ஸ்பெத் அங்கே நிற்கவில்லை. கூடமும் காலியானது. யாரும் டீயைத் தொடவில்லை.

அடுத்த வாரம் அப்பா, அந்தக் கதையைச் சொன்ன உண்மையான மனிதரிடமே போனார். எல்ஸ்பெத்திடம் மட்டும் உண்மையைச் சொல்ல அனுமதி கேட்டார். கதவு சாத்தப்பட்டது. தன் பேச்சை ஆய்விலிருந்து நீக்கச் சொல்லிவிட்டார் அவர். நீக்கச் சொல்லும் உரிமை எல்லோருக்கும் உண்டு. மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒருவர் கடையில் எதிரே பார்த்தபோது முட்டைகளை எண்ணுவதுபோல நின்றுகொண்டே சொன்னாராம். பதிவுகள் அத்தனையையும் அப்பா அழித்தார். விதிப்படி செய்தார். ஆய்வில் முன்னுரை மட்டும் மிஞ்சியது.

கல்லூரியில் அவருடைய ஆய்வு வழிகாட்டி ரோனா கனிவான பெண்தான். தொலைபேசியில் ஒலிபெருக்கியைப் போட்டு அப்பா அவரிடம் பேசினார்.

"வேற ஊர்ல வேற ஆட்களோட செய்யலாம் வில்லியம். ஒரு வருஷம் நீட்டிச்சுத் தரோம்."

"எனக்கு ஒரு வருஷம் யார் நீட்டிச்சுத் தருவா?" என்றார் அப்பா. கேலியாகத்தான் சொன்னார்.

நீட்டிப்பை ஏற்றுக்கொண்டார். புது ஊர் எதையும் தேடவில்லை. ஆக்சிஜன் குழாயோடு அந்த முன்னுரையையே திருத்திக்கொண்டிருந்தார். எல்ஸ்பெத் எதிரில் வந்தால் அப்பா தெருவின் மறுபக்கம் போய்விடுவார். டஃபி வேண்டுமென்றே போனார் என்று ஊரில் இப்போது வெளிப்படையாகவே பேசினார்கள். பேச்சை நிறுத்த அப்பாவிடம் ஒரே ஒரு பெயர் இருந்தது.

கடைசி மாதம் நான் விடுப்பு எடுத்து வந்திருந்தேன்.

"சொல்லிடுங்கப்பா. எல்ஸ்பெத்கிட்ட மட்டும். அவங்க நிம்மதியா இருப்பாங்க."

"அவன்?"

"அவரு தாங்கிப்பாரு."

"நெஞ்சளவு தண்ணிக்குப் போய்த் திரும்பி வந்தவன்மா அவன். அடுத்த தடவ திரும்புவான்னு நீ கையெழுத்துப் போட்டுத் தருவியா?"

அப்படியானால் டஃபி என்று கேட்டேன்; அப்பா தலையை இப்படியும் அப்படியும் அசைத்தார். எல்ஸ்பெத்தின் கேள்விக்கு அப்பாவிடம் பதில் இல்லை என்று அன்றுதான் புரிந்தது. டஃபி வழுக்கினாரா, வேண்டுமென்றே போனாரா, அப்பாவுக்குத் தெரியாது.

எங்கள் ஊரில் சவப்பெட்டியைக் கயிறுகளால்தான் இறக்குவோம். எட்டுக் கயிறு. யார் எதைப் பிடிப்பது என்று முன்பே கேட்டு, கயிற்றின் எண் எழுதிய சீட்டுக் கொடுக்க வேண்டும். கேட்டால் மறுக்கிற வழக்கம் இல்லை. தலைப்பக்கம் எனக்கு. அப்பாவோடு கடலுக்குப் போனவர்களை வீடு வீடாகப் போய்க் கேட்டேன். ஒருவருக்கு முதுகுவலி. ஒருவருக்கு இன்வர்னெஸில் பேத்தியின் நாடகம். நான்கு பேர் ஒத்துக்கொண்டார்கள். மீதி மூன்றையும் அடக்க நிறுவனத்தின் ஆட்கள் பிடித்தார்கள். எல்ஸ்பெத் வரவில்லை.

மழை தூறியது. பாதிரியார் தலையசைத்ததும் கயிற்றை மெல்ல விட்டோம். அந்த நால்வரின் முகங்களையும் பார்த்தேன். அவர்களில் ஒருவர், அப்பா கடைசிவரை பெயர் சொல்லாத அந்த மனிதராக இருக்கலாம். முதுகுவலிக்காரராகவும் இருக்கலாம். பெட்டி தரை தொட்டதும் நால்வரும் கயிற்றைக் குழிக்குள் போட்டார்கள். கோட்டில் கையைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்குக் கை கொடுத்துவிட்டு, ஒருவரோடொருவர் பேசாமல், தனித்தனியாகத் தங்கள் வண்டிகளுக்குப் போனார்கள்.